சொல்லின் கூட்டாளிகள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

‘இன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்’ என்று ஒருவர் சொன்னால், கொழுந்தின் நிறை குறைந்ததால் பாதிநாட் சம்பளமே பதியப்பட்டது என்பது தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் உடனே விளங்கும். யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு அது விளங்காமற் போகலாம். அதனால் அது பிழையான தமிழாகிவிடாது. ஆங்கிலத்தில் அருகி வழங்கும் சொற்சேர்க்கைகளையும் இவ்வாறே அணுகவேண்டும் என்பது எனது கருத்து.

ஒரு சொல்லை அதனோடு சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் 1957இல் எழுதினார். அவரிடம் பயின்ற ஹலிடே 1966இல் காட்டிய உதாரணமோ நமது கோப்பையிலேயே இருக்கிறது. சாயம் கூடிய தேநீரை ‘ஸ்ட்ரோங் டீ’ என்பார்கள். ‘பவர்ஃபுல்’ என்ற சொல் காருக்குப் பொருந்தும், தேநீருக்குப் பொருந்தாது. அகராதி இரண்டுக்கும் வலிமை என்றே பொருள் தருவதால் மாணவர் இங்கே இடறுகின்றனர்.

தேநீரை, 1883 முதல் கொழும்பில் நடந்துவரும் தேயிலை ஏலத்துக்காகச் சுவைபார்ப்பவர்கள் ‘ப்ரிஸ்க் டீ’ என்றும் சொல்வார்கள். நாவைச் சுறுக்கென்று எழுப்பும் துவர்ப்பின் உயிர்ப்பை அச்சொல் குறிக்கிறது. அவ்வுயிர்ப்பு இல்லாத தேநீர் அவர்களுக்கு ‘ஃப்ளாட்’. நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒருவருடைய மகள் தன் கட்டுரையில் ‘ப்ரிஸ்க் டீ’ என்று எழுதியிருந்தாள். விறுவிறுப்பான நடையைக் குறிக்கும் ‘ப்ரிஸ்க் வோக்’ ஒன்றையே அறிந்திருந்த நான், அதைச் சிவப்பு மையால் வெட்டினேன். வீட்டில் கேட்டு வந்த சரியான சொல்லை அவள் கைவிடக் காரணமானேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

வேறு சில சொற்கள் ஓரிரு பொருட்களை விட்டு எளிதில் அகலுவதில்லை. ‘ரென்சிட்’ பெரும்பாலும் காறிப்போன எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் உரியது. கெட்ட முட்டைக்கு ‘எடில்ட்’ வரும். நாமும் சோறு ஊசிவிட்டது என்கிறோம், முட்டையைக் கூமுட்டை என்கிறோம். ஒன்றை மற்றதற்கு மாற்றிச் சொல்வதில்லை.

ஆகவே, பழக்கமில்லாத சேர்க்கை ஒன்றைக் கண்டால், அதை வெட்டுவதற்கு முன் யார், எந்தத் தொழிலில், எதைப் பற்றிச் சொன்னார் என்று பாருங்கள். நீங்களே எழுதும்போது, பெயர்ச்சொல்லைச் சொற்சேர்க்கை அகராதியில் தேடி, அதற்குப் பழகிய அடைமொழி எதுவென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குறிப்பேட்டில் ‘ப்ரிஸ்க்’ என்று தனியே எழுதாமல், ‘ப்ரிஸ்க் வோக்’, விறுவிறுப்பான வியாபாரத்தைக் குறிக்கும் ‘ப்ரிஸ்க் ட்ரேட்’, ‘ப்ரிஸ்க் டீ’ என மூன்று வரிகளாக எழுதி, மூன்றாவதன் அருகே ‘தேயிலைச் சுவை பார்ப்போர் வழக்கு’ என்று குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.