இவனுக்கு யார் அழுவா?

நேயர்களுக்கு வணக்கம். கூத்து என்று சொன்னதும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு ஏதாவது ஒரு ராத்திரி நினைவுக்கு வரும். எனக்கு வருவது என் தாத்தாவின் கருமாதி ராத்திரி. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில், கர்ணன் சாகிற கதையான கர்ணமோட்சம் கூத்து வைத்திருந்தார்கள்.

துக்க வீட்டில் கர்ணமோட்சம் வைப்பது நம் பக்கத்து வழக்கம், உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. முன்வரிசையில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்கு மேலே கர்ணனின் கிரீடம் மட்டும் தெரிந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம். கர்ணன் திரைக்குப் பின்னால் தலையை அசைத்துப் பாடப் பாட, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அந்தச் சில்லுகளில் பட்டுத் திண்ணையில் வைத்திருந்த தாத்தா படத்தின் மேல் புள்ளி புள்ளியாக ஓடியது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் பொன்னுருவி வந்தாள். யுத்தத்துக்குப் புறப்படுகிற புருஷனை, நீ எந்தக் குலம் என்று கேட்கிறாள். அந்தத் தர்க்கமே இரண்டு மணி நேரம் போகும். கர்ணன் களத்தில் விழும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. பிராமண வேடத்தில் வந்த கண்ணன் அவன் செய்த புண்ணியம் எல்லாவற்றையும் கேட்க, தாரை வார்க்கத் தண்ணீர் இல்லாமல் தன் ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான். அதன் பிறகுதான் குந்தி வருகிறாள், மகனே என்று ஊரறியக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் சாக வேண்டியிருந்தது.

நான் பக்கத்தில் இருந்த ஆயாவைக் கேட்டேன்: “ஏன் ஆயா, அர்ச்சுனன்தானே ஜெயிக்கிறான். இவன் கதைய ஏன் வைக்கிறாங்க?” ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அர்ச்சுனனுக்கு அழ ஆளு இருக்குதுடா. இவனுக்கு யார்ரா அழுவா?”

இன்று நான் பேச வந்தது காவிய நாயகர்களைப் பற்றி. உலகத்துக் கதைகளில் எல்லாம் வீரன் என்கிறவன் ஏன் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறான் என்பது நெடுநாளாக என்னை விடாத விஷயம். அதில் எங்கே சுற்றினாலும் ஆயாவின் கேள்வியிடமே வந்து நிற்கிறேன்.

ஒரே அச்சு என்றேன். கர்ணனையே பாருங்கள். பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட குழந்தை. மெசபடோமியாவில் சார்கோன் என்ற அரசனுக்கும் இதே கதை: நாணல் கூடை, கீல் பூசி அடைத்தது, ஆற்றில் விடப்பட்டது. மோசேயை நைல் நதியில் நாணலுக்கு நடுவே வைத்தார்கள். கிரேக்கத்துப் பெர்சியூஸ் தாயோடு பெட்டியில் அடைபட்டுக் கடலில் மிதந்தான். வியன்னாவில் இருந்த ஆட்டோ ரேங்க் என்பவர் 1909இல் இந்தப் பிறப்புக் கதைகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் நம் கர்ணனும் இருக்கிறான்.

அவர்களை எடுத்து வளர்த்தது யார் என்று பாருங்கள். மோசேயை ஓர் அரசகுமாரி எடுத்தாள், சரி. ஆனால் சார்கோனை எடுத்தவன் நீர் இறைப்பவன். பெர்சியூஸுக்கு அடைக்கலம் கொடுத்தவன் மீனவன். கர்ணனை எடுத்தவன் தேரோட்டி. பெரிய இடம் கைவிட்ட பிள்ளையை வேலை செய்து பிழைக்கிறவன் வளர்க்கிறான். இந்த இடம் வரும்போது கூத்துப் பார்க்கிற நம் சனம் ஏன் நிமிர்ந்து உட்காருகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1949இல் அமெரிக்கரான ஜோசப் கேம்பல் வீரனின் பயணத்தை மூன்றாகப் பிரித்தார். வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், ஊருக்கு ஏதோ ஒரு வரத்தோடு திரும்பி வருகிறான். இராமனுக்கு இது பொருந்தும். டிராய் சண்டைக்குப் போய் 20 வருஷம் கழித்து வீடு வந்த ஒடிசியஸுக்கும் பொருந்தும். ஆனால் நம் பக்கத்து வீரனுக்கு மூன்றாவது பகுதி இல்லை. கர்ணன் திரும்பவில்லை. அபிமன்யு திரும்பவில்லை. களப்பலிக்குத் தலை கொடுத்த அரவான் திரும்பவில்லை. இந்த மூவருக்காகத்தான் நாம் விடிய விடிய உட்காருகிறோம்.

அப்படியானால் நம் கதை குறைபட்டதா? இல்லை. இங்கே திரும்பி வருவது வீரன் அல்ல, கல். விழுந்த வீரனுக்காக ஊர் நடுகிற நடுகல். தொல்காப்பியம் அந்த வரவை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். நல்ல கல்லைத் தேடிப் பார்க்கிறார்கள், எடுத்து வருகிறார்கள், நீராட்டுகிறார்கள், நடுகிறார்கள், படையல் போடுகிறார்கள், வாழ்த்துகிறார்கள். வீரன் போகாத மிச்ச வழியை ஊர் சேர்ந்து நடக்கிறது. நெல்லைத் தூவி வணங்க எங்களுக்கு அந்தக் கல்லை விட்டால் வேறு கடவுள் இல்லை என்கிறார் புறநானூற்றில் மாங்குடி கிழார்.

நடுகல்லுக்குப் பேர்போன இடம் நம் செங்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை அதுவும் வட ஆர்க்காடுதான். பல ஊர்களில் அந்தக் கற்களை வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சி ஆண்டு. ஏறக்குறைய 1,400 வருஷம் ஆகிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்ற இளைஞன் இறந்து போனான், அவனுக்கு வைத்த கல். ஆனால் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. அதற்குத் தனியாக எழுத்தும் உண்டு. கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. நாயின் பெயர் கல்லில் இருக்கிறது, நேயர்களே! கோவிவன். இன்னொரு தரம் சொல்கிறேன், கோவிவன்.

ஒடிசியஸுக்கும் ஒரு நாய் இருந்தது. ஆர்கோஸ் என்று பெயர். பிச்சைக்கார வேடத்தில் வந்தவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. குப்பைமேட்டில் கிடந்த அந்தக் கிழட்டு நாய்தான் அடையாளம் கண்டு, வாலை ஆட்டி, அப்படியே உயிரை விட்டது. அது திரும்பி வந்தவனின் நாய். கோவிவன் திரும்பி வராதவனின் நாய். இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காவியம் சொல்லிக் கொடுக்கத் தொடங்குவேன். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டை போட்டு மாண்ட சேவலுக்கே ஒரு கல் இருக்கிறது. வீரன் என்றால் ராஜா வீட்டில் பிறந்திருக்க வேண்டும், வாள் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் நம் முன்னோர் நினைக்கவில்லை. தன் இடத்தை விட்டு ஓடாமல் நின்றதா, கல் நடு.

எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. திரௌபதியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். வீரர் வரிசை போடுகிறவர்கள் அவளை விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்களில் தர்மராஜா கோயில் என்று பெயர் சொன்னாலும் உள்ளே நாம் கும்பிடுவது அவளைத்தான். பாரதத் திருவிழா முடிவில் வரும் படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளந்ததும் அவள் கூந்தல் முடிக்கிறாள். அது முடிந்ததும் பெண்கள் ஓடிப் போய் அந்தத் துரியோதனன் மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்து நெல்லுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். விழுந்தவன் மண், அது எதிரியாகவே இருந்தாலும். இதற்கே ஒரு தனி உரை வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் ஏரி மதகுப் பக்கம் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் பார்த்தோம். அடியில் மடக்கிய ஒரு காலும் வில்லின் நுனியும் இருந்தன. மேல்பக்கம் சோப்புப் போட்டுத் தேய்த்தே வழுவழுப்பாகிவிட்டது. எழுத்து இருந்திருந்தால் போய்விட்டது, பெயரும் போய்விட்டது. உங்கள் ஏரிக்கரையிலோ, வேப்பமரத்தடியிலோ, கொல்லை வரப்பிலோ அப்படி ஒரு பலகைக் கல் இருந்தால் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்துவிடாதீர்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள், அந்த நேரத்தில்தான் எழுத்து எழுந்து தெரியும். தெரிந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பக்கத்தில் நாய் ஏதாவது செதுக்கியிருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். நன்றி, வணக்கம்.