தேரிக் கல்லும் பனிமலை அம்பும்

(ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் கட்டியது வரை தாமே பார்த்துக்கொண்ட செயலாளர் தம்பி அவர்களே, ஊராட்சித் தலைவி அக்கா அவர்களே, பிள்ளைகளைக் கூட்டிவந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பனையேறிப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். போன மாதம் மழையில் நின்றுபோன கூட்டத்தை விடாமல் திரும்பக் கூட்டிய தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

சிக்கிமுக்கிக் கல்லில் அம்புமுனை எப்படிச் செய்தார்கள், எதற்குப் பயன்பட்டது என்று இரண்டு விஷயம் பேசுகிறேன். 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பாள் எங்கள் ஆச்சி. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991 செப்டம்பரில் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லை மலையில், 3,200 மீட்டர் உயரத்தில், நடந்துவந்த ஒரு கணவனும் மனைவியும் பனிக்குள் ஓர் உடலைக் கண்டார்கள். அந்த மனிதர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏட்சி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள். இரண்டுக்குத்தான் கல்முனை பொருத்தி வேலை முடிந்திருந்தது. பிர்ச் மரப்பட்டையிலிருந்து இறக்கிய கீலால் முனையை ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

அவரிடம் பென்சில் போல ஒரு குச்சியும் இருந்தது. நுனியில் மான்கொம்பு முள். முனை தீட்டும் கருவி அதுதான். உருண்டைக் கல்லால் தட்டி முதலில் சில்லு எடுப்பார்கள். சில்லின் ஓரத்தைத் தேய்த்து மழுக்குவார்கள். இல்லாவிட்டால் அழுத்தும்போது ஓரம் நொறுங்கிப்போகும். அப்புறம் உள்ளங்கையில் தோலை விரித்துச் சில்லை வைத்து, கொம்பு நுனியை ஓரத்தில் ஊன்றி அழுத்தினால், அடிப்பக்கத்திலிருந்து மீன் செதில் மாதிரி ஒரு துணுக்கு பெயரும். திருப்பிப் போட்டு மறுபடி. இப்படியே இரு பக்கமும் கூர் ஏறும்.

அந்தக் கூர்மையை நான் எட்டு வயதிலேயே பார்த்தேன். தேரியில், அதாவது நம் செம்மணல் மேட்டில், ஆடு மேய்க்கப் போனவன், தேன் நிறத்தில் நகம் அளவு கல் ஒன்றைப் பொறுக்கிவந்தேன். ஆச்சி திண்ணையில் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். "என்னலே அது, கொண்டா" என்று வாங்கிக் கிழங்கின் மேல் ஓர் இழுப்பு இழுத்தாள். தோல் நீளமாகப் பிளந்தது. இன்னொரு கிழங்கு, இன்னொன்று. நாலாவதில் கை வழுக்கி, பெருவிரலில் ரத்தம். நான் அழுதுவிட்டேன். ஆச்சி விரலைச் சப்பிக்கொண்டே, "அழாத ராசா, சிறு துரும்பும் பல் குத்த உதவும், இந்தக் கல்லு கிழங்கு உரிக்க உதவும்" என்றாள். சாகும்வரை அதை வெற்றிலைச் செல்லத்தில்தான் வைத்திருந்தாள்.

அது செர்ட் கல். சிக்கிமுக்கிக் கல்லுக்கு உடன்பிறப்பு. அதேபோல் இதுவும் கண்ணாடி மாதிரி உடையும். நம் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை, அதாவது மிகச் சிறிய கல்கருவிகளைப் பற்றி, செய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்ற இரண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் 1956இல் விரிவாக எழுதினார்கள். நான் சொன்ன அழுத்தும் முறையில் இருபுறமும் செதுக்கிய முனைகள் இங்கேயும் உண்டு. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

ஏட்சியின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. உடல் கிடைத்துப் பத்தாண்டுகள் கழித்து, 2001இல் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருடைய இடது தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து எய்தது. விரல்நுனி அளவுக் கல் ஒரு கொலையைச் சொன்னது. அந்த உடலும் அம்புகளும் இன்று இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம் கல் எங்கே இருக்கிறது? லாரியில் ஏறிப் போகிறது! செம்மண்ணை அள்ளும்போது கல்லும் சேர்ந்து போகிறது. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால், அந்தக் கல்லைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அது பேசாது. சிறு துரும்பு என்று விட்டுவிடாதீர்கள். மண் அள்ளுவதை நிறுத்த வேண்டும், தேரியைத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளே, கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

வில்லைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். ஆட்சியருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா செயலாளர் தம்பியிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது.