சாக்பீஸ் யார் கையில்?

நடுவர் அவர்களே, வணக்கம். ஒரே வேலையை இத்தனை சுற்று என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நிரல் கட்டளைதான் ஃபார் லூப். அதில் சுற்று எண்ணுகிற ‘ஐ’ என்ற மாறியை லூப்புக்குள்ளே யாரும் மாற்றக் கூடாது என்று நிரல்மொழியே தடுக்க வேண்டுமா, எழுதுபவர் இஷ்டத்துக்கு விட வேண்டுமா என்பது தலைப்பு. தடுக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. ‘சி மொழி 50 வருடமாகத் திறந்துதான் விட்டிருக்கிறது, யார் செத்தார்கள்?’ என்று கேட்டார் எதிரணி அண்ணன். யாரும் சாகவில்லை. ஒரு கட்டு பில் பேப்பர்தான் செத்தது.

எங்களுக்குக் கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டணம் பக்கம். போன மாங்காய் சீசனில் மாமாவின் மண்டிக்கு சி-யில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு 20 வண்டி. வெளி லூப் வண்டிக்கு. உள் லூப் பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா, மல்கோவா என்று 5 ரகத்துக்கு. தூக்கக் கலக்கத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஐ’ போட்டுவிட்டேன். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மூச்சு விடவில்லை. முதல் வண்டிக்கு பில் வந்தது. உள் லூப் முடிந்ததும் ‘ஐ’ 5-இல் நிற்கிறது, வெளி லூப் ஒன்று கூட்டி 6 ஆக்குகிறது. சி பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 6 என்றால் ஏழாவது வண்டி. அதற்கு பில். மறுபடி உள்ளே போய் 5, வெளியே வந்து 6. மறுபடியும் ஏழாவது வண்டி! பிரிண்டர் நிற்கவே இல்லை. மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேட்டார்: ‘ஏண்டா, லோடு ஏத்தும்போது கோடு போடுற சாக்பீஸ் ஒரே ஆள்கிட்டத்தானே இருக்கும்? கண்டவனும் கோடு போட்டா கணக்கு என்னாகும்?’

கம்ப்யூட்டர் பக்கமே வராதவர் அவர். ஆனால் ஏடா என்ற நிரல்மொழியில் அவர் சொன்னதுதான் விதி: லூப்புக்குள் ‘ஐ’ மாற்ற முடியாத மாறிலி, லூப் முடிந்தால் அதுவும் போய்விடும். உள்ளே இன்னொரு ‘ஐ’ வைத்தாலும் அது தனி ஆள், வெளியே இருப்பதைத் தொடாது. பாஸ்கல் மொழியின் தரவரையறையும் உள்ளே கை வைப்பதைப் பிழை என்கிறது. ஃபோர்ட்ரான் 77 மொழி எத்தனை சுற்று என்பதை நுழையும் முன்பே கணக்கிட்டுக்கொள்கிறது. பைத்தான் கதை வேறு. உள்ளே மாற்றிக்கொள்ளலாம், அடுத்த சுற்றில் அது தன் வரிசைக்கே போய்விடும். வீட்டில் நாம் சொல்லும் யோசனை மாதிரி!

‘எழுத்து எழுத்தாகப் படிக்கும்போது பின்சாய்கோடு (\) வந்தால் அடுத்த எழுத்தைத் தாண்ட வேண்டுமே, ஐ-யைக் கூட்டாமல் எப்படி?’ என்றார் எதிரணித் தங்கை. நியாயமான கேள்வி, நானும் அப்படி எழுதியவன்தான். அதற்குத்தான் நிபந்தனை பொருந்தும் வரை சுற்றுகிற வைல் லூப் இருக்கிறதே! ஃபார் என்று எழுதினால் முதல் வரியைப் பார்த்தே எத்தனை சுற்று என்று படிப்பவருக்குத் தெரிகிறது. 40 வரி தள்ளி, ஒரு இஃப் நிபந்தனைக்குள்ளே, யாரோ ‘ஐ’யைத் தள்ளிவிட்டால் அந்த முதல் வரி பொய்யாகிவிடுகிறது, நடுவர் அவர்களே.

சரி, மணி அடித்துவிட்டீர்கள். எதிரணி அண்ணன் வீட்டிலும் மாந்தோப்பு உண்டு. லோடு ஏறும்போது அவர் சாக்பீஸை எத்தனை பேரிடம் கொடுக்கிறார் என்று தீர்ப்புக்கு முன்னால் நீங்களே கேட்டுவிடுங்கள்.