பெர்மனென்ட் மார்க்கரில் எழுதிய முதலிடம்

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கிறது, கேட்கும்போதே தெரிந்திருக்கும். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி நேரம் பேட்மேனுக்காகவும் ஸ்பைடர்மேனுக்காகவும் கத்தியதில் வந்த வினை. சுக்குக் காப்பி பக்கத்தில் இருக்கிறது, நடுநடுவே குடித்துக்கொள்வேன், கண்டுகொள்ளாதீர்கள்.

போன வீடியோவில் அலமாரியைத் தூசி தட்டும்போது போகிறபோக்கில் ஒரு வார்த்தை விட்டேன். 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'-ஐ விட நல்ல சூப்பர்ஹீரோ படம் இன்னும் வரவில்லை என்று. அவ்வளவுதான் சொன்னேன். கமெண்டில் அர்ச்சனை ஆரம்பித்துவிட்டது. திட்டியதுகூடப் பரவாயில்லை. 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் பட வசூல் எவ்வளவு தெரியுமா' என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசூலை வைத்து வரிசை போடக் கால்குலேட்டர் போதும். அதற்கு நான் எதற்கு, நீங்கள் எதற்கு?

வரிசை போடும் வீடியோவே செய்யமாட்டேன் என்று சேனல் ஆரம்பித்த புதிதில் சத்தியம் செய்திருக்கிறேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தியம் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. சூப்பர்ஹீரோ படங்களை வரிசைப்படுத்த நம் கூட்டத்தையே வீட்டுக்கு வரச் சொன்னேன். பல் டாக்டர், பேங்க் அண்ணன், கல்லூரித் தம்பி, என் மச்சான், அப்புறம் என் பழைய காமிக்ஸை எல்லாம் தைத்துக் கொடுப்பாரே, பைண்டிங் அண்ணன். என்னோடு ஆறு பேர். விதி இரண்டே இரண்டு. காமிக்ஸில் இருந்து வந்த படமாக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுகிறவர் காமிக்ஸ் படித்தவராக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

பொண்ணுடைய வெள்ளைப் பலகையை ஹாலில் மாட்டினோம். மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. தெருமுனைக் கடைக்குப் போய் 'போர்டு மார்க்கர் ஒன்று கொடுங்கள்' என்றேன். கவனியுங்கள், போர்டு மார்க்கர் என்றுதான் கேட்டேன். வழக்கமாக முப்பது ரூபாய். அன்றைக்கு இருபது ரூபாய் வாங்கினார். பத்து ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக வந்தேன். அந்தப் பத்து ரூபாயைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் வெளியேற்றம், கல்லூரித் தம்பி கொண்டுவந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'. நல்ல படம், யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்கு மூலமாகக் காமிக்ஸ் இல்லையே. வில்லன்களுக்குத் தனி வரிசை வைக்கும் நாளில் குரு சோமசுந்தரத்துக்கு முதல் மூன்றில் இடம் என்று வாக்குக் கொடுத்துத் தம்பியைச் சமாதானப்படுத்தினோம்.

அடுத்தது 'வாட்ச்மென்', 2009 படம். மச்சானுக்கு உயிர். "மாமா, புத்தகத்தில் இருக்கிற பேனலை அப்படியே எடுத்திருக்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும்?" என்றான். என் பிரச்சினையே அந்த 'அப்படியே'தான். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 12 இதழாகப் போட்ட கதை. பக்கத்துக்கு ஒன்பது கட்டம், அந்தக் கட்டத்துக்குள் ஆட்கள் சிறைபட்டுக் கிடப்பது மாதிரி இருக்கும். முகமூடி போட்டுக்கொண்டு அடிதடிக்குப் போகிறவன் எவ்வளவு பரிதாபமான ஆள் என்பதுதான் புத்தகம். படத்தில் அதே ஆட்கள் ஸ்லோ மோஷனில் எலும்பை உடைக்கிறார்கள், நமக்கு விசில் அடிக்கத் தோன்றுகிறது. கட்டத்தைக் காப்பியடித்துவிட்டுக் கருத்தைக் கோட்டை விட்டால் எப்படி? கடைசியில் வரும் ராட்சத ஜந்துவை எடுத்துவிட்டு வேறு முடிவு வைத்தார்களே, அதுகூட என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. ஆலன் மூர் தன் பெயரே படத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டவர். நான்கு பேர் கை தூக்கினோம், படம் வெளியே.

'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்ததும் பேங்க் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சூப்பர்மேன் வில்லன் ஜாடின் கழுத்தை முறித்ததை அவர் 2013-இல் இருந்து இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் அலமாரியில் இருந்து ஜான் பைர்ன் எழுதி வரைந்த காலத்து சூப்பர்மேன் இதழை எடுத்துவந்து காட்டினேன். 1988-இலேயே காமிக்ஸ் சூப்பர்மேன் கிரிப்டனைட் என்ற விஷக் கல்லை வைத்து மூன்று பேரைக் கொன்றிருக்கிறான். அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, இதற்கு அடுத்த இதழ்களையும் எடு. இந்தக் குற்ற உணர்ச்சியில் அவன் மனசு கலங்கிப்போய், பூமியையே விட்டுப் போகிறான். படத்தில் ஒரு தடவை அலறுகிறான். அப்புறம் பார்த்தால் கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்திரிகை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான்." எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஒழுங்காகத் தோற்றது அந்த ஓர் இடத்தில்தான். அதற்குப் பதிலாக 2025-இல் வந்த சூப்பர்மேனை ஐந்தாம் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அண்ணன் உட்கார்ந்தார். நகரமே இடிந்துகொண்டிருக்கும்போது ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறானே, அதுதான் சூப்பர்மேனாம். சரி, எனக்கும் அந்த அணில் பிடிக்கும்.

'அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வார்' ஆறாவது. இதில் எனக்கும் தம்பிக்கும் சின்ன உரசல். ஜிம் ஸ்டார்லின் எழுதிய 1991 கதையில் வில்லன் தானோஸ் பிரபஞ்சத்தில் பாதி உயிரை அழிப்பது காதலுக்காக. மரண தேவதையை மயக்குவதற்காக ஒரு சொடக்கு. அவளோ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். படத்தில் அவனைப் பொருளாதார ஆலோசகர் ஆக்கிவிட்டார்கள். வளம் பற்றாது, ஆள் குறைய வேண்டும் என்று லெக்சர். தம்பிக்குப் படத்து தானோஸ்தான் பிடிக்கும். அவன் வயதுக்கு அப்படித்தான் இருக்கும். ஒருதலைக் காதலின் கொடுமை போகப்போகப் புரியும்.

நான்காவது, நம் ஆட்கள் பலர் பார்த்தே இராத ஒன்று. 1993-இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் படம், 'மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்'. தியேட்டரில் வந்த சுவடு தெரியாமல் போனது. அதில் பேட்மேனாகப் போகிற புரூஸ் வெய்ன் மழையில் அப்பா அம்மா கல்லறை முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சுவான். காதல் வந்துவிட்டது, உங்களுக்குக் கொடுத்த வாக்கில் இருந்து என்னை விட்டுவிடுங்கள், நான் சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்தே பார்க்கவில்லை என்று. ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத கார்ட்டூன். கோடி கோடியாய்க் கொட்டிய பேட்மேன் படங்களில் இந்த மாதிரி ஓர் இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

மூன்றாவது 'ஸ்பைடர்வெர்ஸ்', 2018. இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. பைண்டிங் அண்ணன் பேசியதை மட்டும் சொல்லவேண்டும். அண்ணன் சின்ன வயதில் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருந்தவர். அந்தப் படத்தில் பின்னணியில் இருக்கிற உருவங்களில் சிவப்பும் நீலமும் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? தியேட்டரில் பலர் த்ரீடி கண்ணாடி போடவேண்டுமோ என்று குழம்பினார்கள். அண்ணன் முதல் காட்சியிலேயே சிரித்துவிட்டாராம். "ரிஜிஸ்டர் அவுட் தம்பி. எங்கள் பிரஸ்ஸில் இப்படி அச்சானால் ஃபோர்மேன் தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிவார். இவர்கள் காசு செலவழித்து வேண்டுமென்றே செய்து, ஆஸ்கரும் வாங்கிவிட்டார்கள்" என்றார். புள்ளி புள்ளியாய் நிறம், யோசிப்பதெல்லாம் கட்டத்துக்குள் எழுத்தாக வருவது என்று பழைய மலிவுத் தாள் காமிக்ஸின் குறைகளை எல்லாம் அழகாக்கிய படம். மூன்றுக்கு மேலே போயிருக்கலாம். ஆனால் மேலே இரண்டு மலை நிற்கிறதே.

இருங்கள், 'லோகன்' ஏழு. 1978 சூப்பர்மேன் எட்டு. மற்றதைப் படமாகப் போட்டுவிடுகிறேன், நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதலிடம். 'த டார்க் நைட்'டா, 'ஸ்பைடர்மேன் 2'-ஆ? டாக்டர் பேசுவதற்கு முன்னாலேயே எழுந்து போய்ப் பலகையில் ஒன்று என்று போட்டு டார்க் நைட் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். பல்லைப் பிடுங்கிவிட்டு அப்புறம் வலிக்கிறதா என்று கேட்கிற ரகம்.

ஆனால் அவர் வாதத்தில் சரக்கு இருந்தது, மறைக்கமாட்டேன். 1988-இல் வந்த 'த கில்லிங் ஜோக்' காமிக்ஸில் ஜோக்கர் தன் பழைய கதை ஒருநாள் ஒருமாதிரி ஞாபகம் வரும், இன்னொரு நாள் வேறுமாதிரி என்பான். படத்தில் வாய்க் கிழிசலுக்கு ஒருவரிடம் அப்பாவைக் காரணம் சொல்கிறான், இன்னொருவரிடம் பொண்டாட்டியை. மூன்றாவதாகவும் ஒன்று சொல்ல வருவான், அதற்குள் பேட்மேன் முந்திக்கொள்வான். ஒரு வரியை எடுத்து ஒரு மனிதனையே செய்திருக்கிறார்கள், இதற்கு மேல் காமிக்ஸை யார் புரிந்துகொள்ள முடியும் என்றார் டாக்டர். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே இறந்துபோனதைச் சொல்லும்போது குரல் வேறு கம்மியது. எல்லோரும் சாய்ந்துவிட்டார்கள். நான் நல்ல அரசு வக்கீலாக இருந்து வில்லனாகிற ஹார்வி டென்ட்டைப் பிடித்தேன். அவன் கெட்டுப்போவதை 'த லாங் ஹாலோவீன்' காமிக்ஸ் 13 இதழ் எடுத்துக்கொண்டு சொல்லும். படத்தில் முகம் எரிந்த கொஞ்ச நேரத்தில் கதையே முடிந்துவிடுகிறது. அவசரச் சமையல்.

என் கட்சி என்ன? ஒரு இருபது டாலர் நோட்டு. ஸ்பைடர்மேனாக இருக்கிற பீட்டர் பார்க்கருக்குப் பிறந்தநாள். மே சித்தி வீடு ஜப்திக்குப் போகிற நிலைமை. இருந்தும் அவன் கையில் இருபது டாலரைத் திணிப்பாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு அழுவாள். அந்த நோட்டோடு அவன் அறைக்குத் திரும்புகிறான். வீட்டுக்காரர் வாடகை எங்கே என்று அதைப் பிடுங்கிக்கொள்கிறார். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் செய்த பையன் இவன்தான். வில்லனை ஜெயித்துவிட்டு வாடகையிடம் தோற்கிறவன். அந்த வீட்டுக்காரர் பெயர் என்ன? டிட்கோவிச்! வலை மணிக்கட்டில் இருந்து தானாக வருகிறது, காமிக்ஸில் அவனே செய்த கருவி என்று 2002-இல் முதல் படம் வந்தபோது சண்டை போட்டோமே, நானும் போட்டவன்தான். இந்த நோட்டுக்கு முன்னால் அதெல்லாம் தூசு. ஸ்பைடர்மேன் மூல இதழின் 50-ஆம் எண், 1967, குப்பைத் தொட்டியில் தொங்குகிற உடை, முதுகைக் காட்டிப் போகிற பீட்டர். அந்தப் படத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். வாட்ச்மென்னைத் திட்டியவன் இதை மெச்சுகிறானே என்று மச்சான் மடக்கினான். அந்த உடை ஏன் தொட்டிக்குப் போனது என்று இந்தப் படத்துக்குத் தெரியும், மச்சான். உன் படத்துக்குத் தெரியாது. அதில்தான் அவன் ஓட்டு என் பக்கம் வந்தது.

ஓட்டு மூன்றுக்கு மூன்று. சொல்ல விட்டுப்போன ஒன்று, ஸ்பைடர்மேன் ரயில் சண்டை நடப்பது நியூயார்க் என்றாலும் அந்த மேம்பாலத் தண்டவாளம் சிகாகோ. டாக்டருடைய பேட்மேன் வாழும் காதம் நகரத்துக்கு லாரி குட்டிக்கரணம் அடிப்பதும் சிகாகோ. ஒரே ஊருக்காக அடித்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அம்மா வடைத் தட்டோடு வந்தார். "அந்தப் பெரியம்மா கொடுத்த இருபதைப் பிடுங்கினானே, அந்தப் படமா? அவன்தான்டா வில்லன். எட்டுக் கை ஆளாவது கடைசியில் திருந்தினான்" என்றார். டாக்டர் உஷாராகிவிட்டார். "அம்மா, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டுக்குக் காமிக்ஸ் படித்திருக்கணும்." அம்மா தட்டை வைத்துவிட்டு நின்றார். "டாக்டர் தம்பி, இவனுக்கு இரும்புக்கை மாயாவியைப் படித்துக் காட்டியது யார்? கரண்ட் ஷாக் அடித்தால் கை மட்டும் தெரியும், ஆள் தெரியமாட்டான் என்று இவன் பிளக் பாயிண்ட்டில் விரலை விடாமல் இருக்கக் காவல் காத்தது யார்?"

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. எந்தக் காமிக்ஸ் என்று விதியில் இல்லை. நான்குக்கு மூன்று!

ஓடிப்போய்ப் பலகையைத் துடைத்தேன். அழியவில்லை. எச்சில், ஈரத்துணி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மார்க்கரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'பெர்மனென்ட்'. அதனால்தான் இருபது ரூபாய்! பத்து ரூபாய் மிச்சத்தில் டார்க் நைட் என் வீட்டுச் சுவரில் நிரந்தரமாக முதலிடத்தில். "பலகை சொல்வதுதான் தீர்ப்பு" என்று டாக்டர் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா வடை போட்டுக் கொடுத்த டிபன் டப்பாவைக்கூட மறந்துவிட்டார்.

ராத்திரி பதினொன்றரைக்கு வழி கிடைத்தது. நல்ல போர்டு மார்க்கர், இந்த முறை முப்பது ரூபாய் கொடுத்து வேறு கடையில் வாங்கினேன். பெர்மனென்ட் எழுத்தின் மேலேயே அதை அழுத்திப் பூசிவிட்டு, காய்வதற்குள் துடைக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து கரைந்து வந்துவிடுகிறது. டி என்ற எழுத்து முதலில் போனது, அப்புறம் ஏ. ஒவ்வோர் எழுத்தாக வீடியோ எடுத்திருக்கிறேன், எட்டு நிமிடம், வெட்டாமல் தனியாகப் போடுகிறேன். ஆக மொத்தம் ஐம்பது ரூபாய் செலவு, பத்து ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு.

துடைத்த பலகையை டாக்டருக்கு அனுப்பினேன். சாட்சியத்தை அழித்துவிட்டாய், மறு ஓட்டு வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு டப்பாவை வாங்க வருகிறாராம். கூடவே அவர் அம்மாவையும் கூட்டிவருகிறாராம். ராணி காமிக்ஸ் வாசகியாம்.