போரைப் போர் என்று சொன்னவர்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"இன்ன சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்துவது சமூகத்தைப் பண்படுத்துகிறதா, வாயை அடைக்கிறதா?" இதுதான் இன்றைய தலைப்பு. வாயை அடைக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகக் கேட்டார்: "சொல் ஒரு கத்தி. குத்துகிற கத்தியைப் பிடுங்கி வைத்தால் என்ன தவறு?" நியாயமான கேள்விதான். ஆனால் பிடுங்குகிற கை யாருடையது ஐயா? அதைச் சொல்லாமலே அமர்ந்துவிட்டீர்களே!

2022 மார்ச் மாதம். மாஸ்கோவில் ஒரு வட்டார மன்றக் கூட்டம். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அலெக்சேய் கோரினோவ் என்ற உறுப்பினர் குறுக்கிட்டார். போரில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஓவியப் போட்டியா என்று கேட்டார். உக்ரைனில் நடப்பதற்கு ரஷ்ய அரசு வைத்த பெயர் 'சிறப்பு இராணுவ நடவடிக்கை'. போர், படையெடுப்பு என்ற சொற்களை எழுதக் கூடாது என்று ஊடகங்களுக்கு அதற்கு முன்பே உத்தரவு போய்விட்டது. இராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று மார்ச் 4ஆம் தேதி சட்டமும் வந்துவிட்டது. அன்று பேசிய பேச்சுக்காக, அந்தச் சட்டத்தின்படி ஜூலை மாதம் கோரினோவுக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பயம்? போர் என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். யார் தொடங்கியது? எத்தனை பேர் செத்தார்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? 'நடவடிக்கை' என்று சொல்லிப் பாருங்கள். அலுவலகக் கோப்பில் எழுதுகிற சொல் அது. அதைச் சொல்லும்போது பிணம் கண்ணில் வராது. தாய் அழும் சத்தம் காதில் விழாது.

"அது சர்வாதிகார நாட்டுக் கதை" என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லக்கூடும். சரி, தேர்தல் நடக்கும் அமெரிக்காவுக்கே வருகிறேன்.

1994. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் டுட்சி என்ற சிறுபான்மை இன மக்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். இனப்படுகொலையைத் தடுப்பது நாடுகளின் கடமை என்று 1948ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் கடமையும் கூடவே வரும். அதனால் ஜூன் மாதம் அமெரிக்க வெளியுறவுத்துறைப் பேச்சாளர் 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்று மட்டும் சொன்னார். அப்படிப்பட்ட செயல்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் தான் இல்லை என்றார் பேச்சாளர். சுமார் 100 நாளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர். நடுவர் அவர்களே, அந்த ஒரு பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே அமெரிக்காவில் பின்னாளில் சித்திரவதைக்கு 'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறை' என்று பெயர் வைத்தார்கள். அதைச் சித்திரவதை என்றே எழுதுவோம் என்ற முடிவுக்கு வர நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு 2014 வரை ஆனது.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "இழிசொற்கள் ஒழிந்தது வற்புறுத்தியதால்தானே?" என்றார்கள். ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பாருங்கள். 'ஜிப்ஸி' போன்று பிறர் சூட்டிய பெயர்களால் பல நூற்றாண்டுகள் இகழப்பட்டவர்கள். 1971இல் லண்டனுக்கு அருகே அவர்களே மாநாடு கூட்டி, எங்கள் பெயர் ரோமா என்று அறிவித்தார்கள். அடிபட்டவர் தன் பெயரைத் தானே சொல்கிறார். அவரை அந்தப் பெயரால் அழைப்பது மரியாதை. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அடித்தவன் தன் செயலுக்குத் தானே நல்ல பெயர் வைத்துக்கொண்டு, அதையே எல்லோரும் சொல்ல வேண்டும் என்கிறானே, அதைத்தான் எதிர்க்கிறேன். இந்த இரண்டையும் எதிரணி ஒரே மூட்டையில் கட்டுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெருக்கடி அரசிடமிருந்து மட்டும் வருவதில்லை. நம்மோடு ஒரே கொள்கையில் நிற்பவர்களிடமிருந்தும் வருகிறது. நேற்று வரை தோழர் என்று அழைத்தவர்கள், இன்று நாம் ஒரு சொல்லைத் தவிர்த்தால் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. சிறைக்குப் பயப்படாதவர்கூட நண்பர்களின் முகம் சுருங்குமே என்று பயந்து, நம்பாத சொல்லைச் சொல்லிவிடுவார். சொல்லச் சொல்ல, ஏன் தயங்கினோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. சட்டத்தை ஒருநாள் நீக்கிவிடலாம், மறந்துபோன தயக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

தீர்ப்பு நாளில் கோரினோவ் நீதிமன்றத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். இந்தப் போர் உங்களுக்கு இன்னும் தேவையா என்று அதில் எழுதியிருந்தது. நடவடிக்கை என்று எழுதவில்லை, நடுவர் அவர்களே. போர் என்றுதான் எழுதியிருந்தார்.

நன்றி, வணக்கம்.