ஆளாக்கியது ஆர்டேட்டாவா, ஜாக்காவின் பிடிவாதமா?

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி நண்பர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சுவிட்சர்லாந்து கால்பந்து அணியின் கேப்டன் கிரானிட் ஜாக்காவை ஆளாக்கியது பயிற்சியாளர்கள், இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் பயிற்சி கொடுத்த ஆர்டேட்டாவும், ஜெர்மனியின் லெவர்குசன் கிளப்பில் பயிற்சி கொடுத்த அலோன்சோவும் இல்லையென்றால் முன்கோபத்தாலேயே அவர் காணாமல் போயிருப்பார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, 2019 அக்டோபர் 27-க்கு வாருங்கள்.

ஆர்சனல் மைதானம், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம். அன்றைக்கு ஆர்சனல் கேப்டனும் ஜாக்காதான்; வேறொருவரை இறக்க அவரை வெளியே கூப்பிடுகிறார்கள், சொந்த ரசிகர்களே ஊளையிடுகிறார்கள். மனிதர் ஓடவில்லை, ஆற அமர நடக்கிறார், காதில் கையை வைத்து "இன்னும் சத்தமா" என்பதுபோல் காட்டுகிறார், போகிற போக்கில் சட்டையையும் கழற்றிவிடுகிறார். தப்புதான், நான் பூசி மெழுகவில்லை. சில நாளில் கேப்டன் பதவி போயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. டிசம்பரில் பயிற்சியாளராக வந்த ஆர்டேட்டா "இரு" என்றார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இரு" என்று சொல்வது ஒரு வார்த்தை, நடுவர் அவர்களே, ஊளையிட்ட அதே கூட்டத்தின் முன்னால் வாராவாரம் போய் நின்றது யார்?

இன்னொன்று, ஆர்டேட்டா வந்ததும் கோபம் அடங்கிவிட்டதா என்ன? 2020 டிசம்பரில் பர்ன்லி வீரரின் கழுத்தைப் பிடித்துச் சிவப்பு அட்டை வாங்கினாரே! யாரும் அவரை மாற்றிச் செதுக்கவில்லை, அந்த முரட்டுப் பிடிவாதத்தோடேயேதான் ஏறி வந்தார்.

அது வீட்டுச் சொத்துங்க. அப்பா கொசோவோ அல்பேனியர், 1986-ல் யூகோஸ்லாவிய அரசை எதிர்த்த மாணவர் போராட்டத்துக்குப் போனதற்காக மூன்றரை வருடம் சிறையில் இருந்தவர். அப்புறம்தான் சுவிட்சர்லாந்து. அண்ணன் டௌலண்ட் அல்பேனியாவுக்கு ஆடினார், தம்பி சுவிஸுக்கு. 2016 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில் இருவரும் எதிரெதிரே நின்றபோது அம்மா பாதி சுவிஸ், பாதி அல்பேனியா என்று ஒட்டுப் போட்ட சட்டையில் காலரியில் உட்கார்ந்திருந்தார்!

அதே யூரோவில் போலந்துக்கு எதிராகப் பெனால்டியை வெளியே அடித்து அணியை ஊருக்கு அனுப்பியவரும் இவர்தான். ஐந்து வருடம் கழித்து அடுத்த யூரோவில், ருமேனியாவின் புக்கரெஸ்டில், உலக சாம்பியன் பிரான்ஸ் 3-1 முன்னிலையில் இருக்க, பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. ஒரு கோல் திரும்பி வந்தது. அப்புறம் 90-வது நிமிடத்தில் நடு மைதானத்திலிருந்து சக வீரர் கவ்ரனோவிச்சுக்கு ஜாக்காவின் ஒரு பாஸ், 3-3! பெனால்டியில் பிரான்ஸ் வீட்டுக்குப் போனது, ஆட்ட நாயகன் ஜாக்கா.

அலோன்சோவா? பெரிய மூளைதான், லெவர்குசன் தோற்காமலே பண்டெஸ்லிகா, அதாவது ஜெர்மன் லீக் பட்டம் வென்றது. ஆனால் 2024 ஜெர்மன் கோப்பை இறுதியில், பத்துப் பேராகக் குறைந்தும் கைசர்ஸ்லாட்டனை 1-0 என்று வென்றார்களே, தூரத்திலிருந்து விழுந்த அந்த ஒற்றை கோலை ஜாக்கா அடித்தபோது அலோன்சோ கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், நடுவர் அவர்களே!