வாவச்சனின் அடக்கத்தைக் கெடுத்தது ஊர்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2018இல் வெளிவந்த மலையாளப் படம் 'ஈ.ம.யௌ'. அதில் வாவச்சன் மேஸ்திரியின் அடக்கம் சீரழிந்ததற்குக் காரணம் விதியா, மனிதர்களா என்பது இன்றைய தலைப்பு. மனிதர்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி அருமையாகப் பேசினார். மழை கொட்டியது, சவப்பெட்டி உடைந்தது, குழி வெட்டப் போனவரே குழிக்குள் செத்துக் கிடந்தார், இது விதி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். சாவும் மழையும் யார் கையிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, கதை நடக்கிற செல்லானம் கொச்சிப் பக்கத்துக் கடலோர ஊர். அந்த லத்தீன் கத்தோலிக்க மக்களுக்கு மழை புதிதா? மழை பெய்கிறதென்று கல்லறைத் தோட்டத்தின் கதவை யாராவது சாத்துவார்களா? வாவச்சனுக்குக் கதவைச் சாத்தியது ஒரு வதந்தி.

அது வளர்ந்த விதத்தைப் பாருங்கள். வாத்தோடு வீட்டுக்கு வந்த வாவச்சன், மகன் ஈசியோடு உட்கார்ந்து குடிக்கிறார். தன் அப்பனை ஊரே மெச்ச அடக்கம் செய்த கதையைச் சொல்கிறார். உனக்கும் அப்படியே செய்கிறேன் அப்பா என்று ஈசி வாக்குக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் கிழவர் விழுந்து இறந்துபோகிறார். தலையில் அடி. அவ்வளவுதான், அன்றைக்கு அவரிடம் அடி வாங்கியவர்கள் வாய் திறக்கிறார்கள். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போதே தவறி விழுந்த சாவு கொலையாகிவிடுகிறது. பங்குத்தந்தைக்கோ துப்பறியும் கதை படிக்கிற பழக்கம். ஜெபம் சொல்ல வேண்டியவர் விசாரணை நடத்துகிறார்! பஞ்சாயத்து உறுப்பினர் ஐயப்பன் நண்பனுக்காகக் காவல் நிலையம் வரை ஓடுகிறான், கெஞ்சுகிறான். ஐயப்பனாக நடித்த விநாயகன் முகத்தில் காட்டுகிற அவமானத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவனை அவமானப்படுத்தியது விதியா?

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தப் படம் பார்க்கும்போது நாம் சிரித்தோம். எங்கே சிரித்தோம்? பௌளி வல்சன் நடித்த, வாவச்சனின் மனைவி பென்னம்மா, ஒப்பாரி வைத்துக்கொண்டே வருகிறவர் போகிறவருக்குச் சேதி சொல்கிறாரே, அங்கே. கண்ணீரும் நிஜம், நடுவில் வைக்கிற குத்தலும் நிஜம். வாவச்சனின் இன்னொரு குடும்பம் வாசலில் வந்து நின்றதும் துக்க வீடு சண்டைக்களம் ஆகிறதே, அங்கே. மழையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துத்தான் சிரித்தோம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஈசி மேல் தப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சக்திக்கு மீறிய பெட்டி வாங்கினான். ஆனால் எளிமையாக அடக்கம் செய்திருந்தால் இந்த ஊர் சும்மா இருந்திருக்குமா? அப்பனுக்குச் செய்யாத மகன் என்று காலமெல்லாம் சொல்லிக் காட்டியிருக்கும்.

கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருது ஈசியாக நடித்த செம்பன் வினோத்துக்குக் கிடைத்தது. கடைசிக் காட்சிகளைப் பாருங்கள், ஏன் என்று தெரியும். கல்லறையில் இடம் இல்லை என்றானபின் ஈசி வீட்டு மண்ணிலேயே கொட்டுகிற மழையில் குழி வெட்டுகிறான். அழுவதற்குக்கூட அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை நடுவர் அவர்களே, அந்த ஊர்.